தகப்பன்மார்களின் சி.ஐ.டி. வேலை

நம் நாட்டுப் பெற்றோர்களில் ஒரு கூட்டத்தாருக்கு இப்பொழுது ஒரு புதிய உத்தியோகம் கிடைத்திருக்கின்றது. அது சம்பளம் வாங்கிச் செய்கின்ற உத்தியோகமல்ல. மாதாமாதம் கைப்பணத்தைக் கட்டிச் செய்கின்ற உத்தியோகம். அதாவது தாங்கள் பெற்ற பிள்ளையைத் தாங்களே வேவு பார்க்கின்ற உத்தியோகமாகும். பதினைந்து, பதினாறு, பதினேழு வயதான பிள்ளை தூங்குகின்ற சமயம் பார்த்து அதன் கைபேசியை எடுத்து, அதில் ஒரு செயலியை இரகசியமாய் ஏற்றிவிடுகின்றார்கள். அந்தச் செயலியின் அடையாளப் படம் திரையில் தெரியாதபடி மறைத்தும் விடுகின்றார்கள். கைபேசியில் இயற்கையாக உள்ள பாதுகாப்புச் சோதனை இதைத் திருட்டுச் சரக்கு என்று கண்டுபிடித்துச் சொல்லிவிடுமாதலால், அந்தச் சோதனையை முதலில் அணைத்துவிட வேண்டுமென்று இவற்றில் பல செயலிகளை விற்கின்றவர்களே பாடம் சொல்லிக் கொடுக்கின்றார்கள். அன்று முதல் பிள்ளை யாருக்கு என்ன எழுதுகின்றது, யாரிடம் எத்தனை நிமிஷம் பேசுகின்றது, எந்தத் தெருவில் நிற்கின்றது, என்ன படம் பிடித்து வைத்திருக்கின்றது என்பவை யாவும் தகப்பனார் கைக்கு வந்து சேர்ந்துகொண்டிருக்கும். பிள்ளைக்கோ ஒன்றும் தெரியாது.

வைதீகர்கள் சித்திரகுப்தன் என்று ஒருவனைக் கற்பித்து வைத்திருக்கின்றார்கள். அவனாவது மனிதன் செத்த பிறகுதான் கணக்கை எடுத்துப் படிப்பான் என்று சொல்லுகின்றார்கள். இந்தச் செயலியோ அன்றாடம் சாயங்காலமே கணக்கை ஒப்புவித்துவிடுகின்றது. சித்திரகுப்தனை நம்பாதே என்று நமது கூட்டங்களில் கைதட்டிவிட்டுப் போன தோழர்களிலும் சிலர், வீட்டுக்குப் போய்த் தாங்களே சித்திரகுப்தர்களாய் உட்கார்ந்துகொள்ளுகின்றார்கள் என்று கேள்விப்படுகின்றோம். ஆதலால்தான் இவ்விஷயத்தை எழுத வேண்டியிருக்கின்றது.

2021-ம் வருஷம் ஜூலை மாதத்தில், பெகாசஸ் என்னும் இஸ்ரேல் நாட்டு உளவுக் கருவியைக்கொண்டு இந்தியாவில் பத்திரிகைக்காரர்கள், அரசியல்வாதிகள் முதலியவர்களின் கைபேசிகளைக் குறி வைத்ததாகச் செய்தி வெளிவந்தபோது, படித்தவர்கள் எல்லாரும் எவ்வளவு கூச்சல் போட்டார்கள் என்பது யாவருக்கும் ஞாபகமிருக்கும். அது நியாயமான கூச்சல்தான். அதற்கு முன்பு வெள்ளைக்காரன் 1898-ம் வருஷத்துத் தபால் சட்டத்தை வைத்துக்கொண்டு கடிதங்களை வழியில் நிறுத்தி உடைத்துப் படித்தான் என்று நம் பெரியவர்கள் ஆத்திரப்பட்டதும் நியாயந்தான். ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு எழுதினதை மூன்றாவது மனிதன் திருட்டுத்தனமாய்ப் படிப்பது இழிவு என்பதை நாம் அவ்வளவு தெளிவாக உணர்ந்திருக்கின்றோம். ஆனால் அப்படிக் கூச்சல் போட்ட அதே கனவான் தன் மகள் தன் சிநேகிதிக்கு எழுதினதை இராத்திரி பத்து மணிக்குக் கட்டிலில் சாய்ந்துகொண்டு படிக்கின்றாரே, இதற்கு என்ன பெயர் வைப்பது? சர்க்கார் செய்தால் அக்கிரமம், தகப்பன் செய்தால் அன்பு என்பதுதானா?

இப்படிக் கேட்டால் அவர்களுக்குக் கோபம் வருகின்றது. “நான் பெத்த பிள்ளை, நான் வாங்கிக் கொடுத்த போன், நான் கட்டுகின்ற காசு, எனக்குப் பார்க்க உரிமை இல்லையா?” என்கின்றார்கள். இந்த வாதம் நமக்குப் புதியதல்ல. நான் சோறு போடுகின்றேன், ஆகவே நீ என் சொத்து என்பது பண்ணையாரும் புருஷனும் வெகுகாலமாய்ச் சொல்லிவருகின்ற வாதமேயாகும். சோறு போட்டவனுக்குத் தின்றவனுடைய மனதின்மேலும் பாத்தியதை உண்டு என்று ஒப்புக்கொள்ளுவதானால் நாம் இத்தனை காலமாய்ப் பேசினதெல்லாம் வீண் பேச்சாகவே முடியும். பிள்ளை வளர்ப்பது என்பது அப்பிள்ளை ஒருநாள் தன்னுடைய துணை இல்லாமலே யோசித்து நடக்கும்படி செய்வதற்காகவா, அல்லது ஆயுள் முழுவதும் தன்னுடைய கண் பார்வையிலேயே வைத்துக்கொள்ளுவதற்காகவா என்பதை முதலில் அவர்கள் தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்ளட்டும்.

நிற்க, இதில் யோக்கியமான ஒரு கட்சியும் உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. “காலம் கெட்டுக் கிடக்கின்றது, முகம் தெரியாத அயோக்கியன் எவனாவது பெண்ணிடம் நயமாய்ப் பேசிப் படம் வாங்கிக்கொண்டு பிறகு மிரட்டுகின்றான், பையன்கள் சூதாட்டத்தில் பணத்தைத் தொலைக்கின்றார்கள், பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லுகின்றீர்களா?” என்று ஒரு தாய் கேட்டால் அவளுடைய பயம் பொய்ப் பயமல்ல. அப்படிப்பட்ட அயோக்கியர்கள் இருக்கத்தான் இருக்கின்றார்கள். ஆனால் பயம் உண்மையாயிருப்பதனாலேயே அதற்கு விற்கின்ற தாயத்தும் உண்மையாகிவிடுமா? பேய்க்குப் பயந்தவன் கையில் மந்திரவாதி கயிறு கட்டினான். கைபேசிக்குப் பயந்தவனுக்கு வியாபாரி செயலி விற்கின்றான். இரண்டும் பயத்தை முதலாக வைத்து நடத்துகின்ற வியாபாரமேயாகும்.

குழந்தைகளுக்குத் தீங்கு யாரால் வருகின்றது என்பதைப் பற்றி நாம் யூகத்தின்மேல் பேச வேண்டியதில்லை. இந்திய சர்க்காரின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷந்தோறும் கணக்கு வெளியிடுகின்றது. 2012-ம் வருஷத்து போக்சோ சட்டத்தின்கீழ் வருகின்ற பலாத்கார வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் குற்றவாளி அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவன் என்று அக்கணக்கு சொல்லுகின்றது. அதாவது உறவுக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், குடும்ப நண்பன், தெரிந்த உத்தியோகஸ்தன் முதலியவர்கள். மாமன் வீட்டுக்குள் வருவதை எந்தச் செயலி தடுக்கப் போகின்றது? டியூஷன் வாத்தியாருடைய கையை எந்தச் செயலி தட்டிவிடப் போகின்றது? கைபேசி எந்தத் தெருவில் இருக்கின்றது என்றுதான் அது காட்டும். பெண் வீட்டிலேயே பத்திரமாய் இருக்கின்றாள் என்று பச்சைப் புள்ளியைப் பார்த்துத் தகப்பன் ஆபீசில் திருப்திப்பட்டுக்கொண்டிருப்பான். வீட்டிலோ வேறு காரியம் நடக்கும். அப்படிப்பட்ட நிலைமையில் அந்தக் குழந்தையைக் காப்பாற்றக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அது, நடந்ததைத் தன் தாயிடமோ தகப்பனிடமோ வந்து பயப்படாமல் சொல்லலாம் என்கின்ற நம்பிக்கையாகும். அந்த நம்பிக்கையைத்தான் இந்தச் செயலி முதலில் கொன்றுவிடுகின்றது. போலீசுக்காரனிடம் யாராவது மனம்விட்டுப் பேசுவார்களா?

படத்தை வைத்து மிரட்டப்படுகின்ற பெண்ணை எடுத்துக்கொள்ளுவோம். அவளுக்கு மிரட்டுகின்றவனைக் கண்டு பாதி பயமென்றால், வீட்டில் தெரிந்துவிடுமே என்பதுதான் மற்றப் பாதி. மிரட்டுகின்றவனுடைய பலமெல்லாம் இந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கின்றது. “உங்க அப்பாவுக்கு அனுப்பட்டுமா?” என்கின்ற ஒரு வார்த்தைதான் அவனுடைய கத்தி. அந்தக் கத்தியைத் தீட்டிக் கொடுத்தவர் யார் என்று தகப்பனார் யோசித்துப் பார்க்கட்டும். “என்ன நடந்தாலும் என்னிடம் வா, நான் உன்னை அடிக்கமாட்டேன், படிப்பை நிறுத்தமாட்டேன், அடுத்த மாதமே எவனுக்காவது கட்டிக் கொடுத்துவிடமாட்டேன்” என்று சொல்லி, அதன்படி நடந்தும் காட்டின வீட்டில் அந்த அயோக்கியனுடைய மிரட்டல் செல்லாது. தகப்பனும் மகளுமாய்ச் சேர்ந்து 1930 என்கின்ற எண்ணுக்கோ, குழந்தைகளுக்கென்று உள்ள 1098 என்கின்ற எண்ணுக்கோ கூப்பிட்டுப் புகார் கொடுத்துவிட்டு மேல் காரியத்தைப் பார்ப்பார்கள்.

இனி இந்த வியாபாரிகளின் யோக்கியதையைக் கொஞ்சம் பார்ப்போம். குழந்தையைக் காப்பாற்றுகின்றோம் என்று சொல்லிப் பணம் வாங்குகின்றவர்கள் அந்தக் குழந்தையின் இரகசியங்களை எப்படிக் காப்பாற்றினார்கள்? அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்சில் டீன்சேஃப் என்று ஒரு கம்பெனி. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பெற்றோர்கள் தங்களை நம்புகின்றார்கள் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தது. 2018-ம் வருஷம் மே மாதத்தில் பார்த்தால், அந்தக் கம்பெனியின் கணக்குகள் பூட்டுமில்லாமல் தாழ்ப்பாளுமில்லாமல் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி திறந்து கிடந்தன. பெற்றோரின் மின்னஞ்சல் விலாசம், பிள்ளைகளின் ஆப்பிள் கணக்குப் பெயர், அதன் கடவுச்சொல் எல்லாம் மறைப்பில்லாமல் எழுதி வைக்கப்பட்டிருந்தன. அந்தச் செயலி வேலை செய்வதற்காகப் பிள்ளையின் கணக்குக்கு உள்ள இரட்டைப் பூட்டையும் முன்கூட்டியே கழற்றிவிடச் சொல்லியிருந்தார்கள். அதே வருஷத்தில் ஃபேமிலி ஆர்பிட் என்கின்ற இன்னொரு கம்பெனியிடமிருந்து 281 கிகாபைட் அளவுள்ள பிள்ளைகளின் படங்களும் வீடியோக்களும் வெளியாருக்கு எட்டும்படி கிடந்தன. ரெட்டினா எக்ஸ் என்கின்ற மூன்றாவது கம்பெனிக்குள் 2017-ல் ஒரு தடவையும் 2018-ல் ஒரு தடவையும் திருடன் புகுந்தான். அமெரிக்க சர்க்காரின் வர்த்தகக் கமிஷன் 2019 அக்டோபரில் அந்தக் கம்பெனியின்மேல் நடவடிக்கை எடுத்தபோது, இந்தச் சரக்கை வாங்குகின்றவன் எதற்கு வாங்குகின்றான் என்று பார்ப்பதற்கு அவர்கள் ஒரு ஏற்பாடும் செய்யவில்லை என்பது வெளிப்பட்டது. எந்த அயோக்கியனுக்குப் பயந்து தகப்பனார் செயலியை வாங்கினாரோ, அதே அயோக்கியன் கையில் பெண்ணின் படங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு வழி வெட்டிக் கொடுத்தவரும் அவரேயாகின்றார்.

திருட்டுப் போனது மாத்திரமல்ல, தாங்களே விற்றதும் உண்டு. குடும்பத்தார் ஒருவருக்கொருவர் எங்கே இருக்கின்றோம் என்று காட்டிக்கொள்ளுவதற்கென்று லைஃப்360 என்று ஒரு செயலி. 2021-ல் உலகமெங்கும் 3 கோடியே 30 லட்சம் பேர் வைத்திருந்தார்கள். குடும்பத்தாரும் பிள்ளைகளும் நடமாடுகின்ற இடங்களின் கணக்கை அந்தக் கம்பெனி ஏறக்குறைய ஒரு டஜன் தரகர்களுக்கு விற்றுவந்தது என்று அவ்வருஷம் டிசம்பரில் மார்க்அப் என்னும் அமெரிக்கப் பத்திரிகை அம்பலப்படுத்தியது. அம்பலமான அடுத்த மாதமே அந்த விற்பனையில் பெரும்பகுதியை நிறுத்திக்கொள்ளுவதாகக் கம்பெனி அறிவித்தது. அம்பலமாகாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்பதை வாசகர்களே யூகித்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளை யாராவது கேட்டார்களா என்றால், அமெரிக்காவில் ஃபுளோரிடா மாகாணத்துச் சர்வகலாசாலை ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். இப்படிப்பட்ட 37 செயலிகளைப் பற்றி 8 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகள் தாங்களே எழுதிய 736 அபிப்பிராயங்களை எடுத்துப் படித்து 2018-ல் வெளியிட்டார்கள். அவற்றில் நூற்றுக்கு 76 ஒரே ஒரு நட்சத்திரம், அதாவது கடைசி மதிப்பு, கொடுத்திருந்தன. விளையாட விடவில்லை என்கின்ற சிறுபிள்ளைக் கோபமும் அதில் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அப்பிள்ளைகளின் குறை, இது எங்கள் அந்தரங்கத்தில் நுழைகின்றது, எங்களுக்கும் பெற்றோருக்கும் இருந்த நல்ல உறவைக் கெடுக்கின்றது என்பதாய் இருந்தது. அதை விளையாட்டுக் கோபம் என்று தள்ளிவிட முடியாது.

இவ்வளவும் அந்நிய தேசத்துக் கதை, நமக்கென்ன என்று கேட்பவர்கள் நம் நாட்டைப் பார்க்கட்டும். நம் நாட்டில் இந்த வேவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளியில் சொல்லுவது பாதுகாப்பு. உள்ளே இருப்பது ஜாதி. ஒரே வீட்டில் பதினேழு வயது பையனும் பதினாறு வயது பெண்ணும் இருந்தால் யாருடைய கைபேசியில் செயலி ஏறுகின்றது என்று பாருங்கள். பையன் எவளோடு பேசினாலும் “ஆம்பிளைப் பிள்ளை” என்று விட்டுவிடுகின்றார்கள். பெண் பேசினால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவன் என்ன பெயர், எந்தத் தெரு, எந்த ஜாதி என்று விசாரணை ஆரம்பமாகின்றது. பாதுகாப்புதான் காரணமென்றால் வேற்று ஜாதிப் பையனிடத்தில் உள்ள ஆபத்து சொந்த ஜாதி முறைப்பையனிடத்தில் எப்படி இல்லாமல் போய்விடும்?

இதை ஒளிக்காமல் வெளிப்படையாய்ச் செய்தவர்களும் இருக்கின்றார்கள். குஜராத்தில் மெஹசானா ஜில்லாவில் சுராஜ் என்று ஒரு கிராமம். 2016 பிப்ரவரியில் அந்த ஊர்ப் பெரியதனக்காரர்கள் கல்யாணமாகாத பெண்கள் கைபேசி வைத்திருக்கக்கூடாது, வைத்திருந்தால் 2,100 ரூபாய் அபராதம், காட்டிக்கொடுப்பவனுக்கு 200 ரூபாய் இனாம் என்று கட்டுப்பாடு போட்டார்கள். அதே மாகாணத்தில் பனாஸ்காந்தா ஜில்லாவில் 2019 ஜூலையில் தாகோர் ஜாதியார் 12 கிராமங்களுக்காகக் கூடித் தீர்மானம் செய்தார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்குக் கைபேசி கூடாது என்பது அதில் ஒரு தீர்மானம். கலப்பு மணம் நடந்தால் பெற்றவர்களுக்கு அபராதம் என்பது இன்னொரு தீர்மானம். இரண்டையும் ஒரே மூச்சில் ஒரே கடுதாசியில் எழுதினார்களே, அந்த மட்டில் அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். கைபேசிக்கும் கல்யாணத்துக்கும் உள்ள சம்பந்தத்தை அவர்கள் ஒளிக்கவில்லை. நமது பட்டணத்துக் கனவான்களோ பட்டிக்காட்டுப் பஞ்சாயத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அந்தப் பஞ்சாயத்தையே மாதச் சந்தா கட்டித் தங்கள் வீட்டுக்கு வரவழைத்துக்கொள்ளுகின்றார்கள். காட்டிக்கொடுப்பவனுக்கு 200 ரூபாய் என்பதற்கும் இதற்கும் தொகையில்தான் வித்தியாசம்.

இது எதில் கொண்டுபோய் விடும் என்பது தமிழ்நாட்டாருக்குத் தெரியாததல்ல. 2016 மார்ச் மாதம் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பட்டப்பகலில், வேற்று ஜாதிப் பெண்ணை மணந்துகொண்டதற்காக ஒரு தாழ்த்தப்பட்ட வாலிபனை வெட்டிக் கொன்றதைத் தேசம் முழுவதும் படத்தில் பார்த்தது. அங்கே கைபேசிச் செயலி இருந்தது என்று நாம் சொல்லவில்லை. மகள் யாரை விரும்புகின்றாள் என்பது மகளுடைய காரியமல்ல, குடும்பத்தின் மானக் காரியம் என்கின்ற எண்ணத்தைத்தான் சொல்லுகின்றோம். அந்த எண்ணம் உள்ள வீட்டில் மகளுடைய நெஞ்சுக்குள் என்ன இருக்கின்றது என்பதை மணிக்கு மணி தெரிவிக்கின்ற ஒரு கருவியையும் கொண்டுவந்து வைத்தால் அது கொள்ளிக்கட்டையை வைக்கோற்போரில் வைத்ததாகாதா?

இதனால் பிள்ளைகள் ஒழுக்கமாகிவிடுகின்றார்களா என்றால் அதுவும் இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை இரண்டாவது சிம் கார்டு வாங்கிக்கொள்ளுகின்றது. சிநேகிதியின் போனில் பேசுகின்றது. தன் கைபேசியை லைப்ரரியில் சிநேகிதியிடம் கொடுத்து வைத்துவிட்டு வேறு இடத்துக்குப் போகின்றது. தகப்பனாருடைய திரையில் “லைப்ரரி” என்று காட்டுகின்றது. அவர் மகிழ்ச்சியடைகின்றார். தகப்பன் திருட்டுத்தனமாய்ப் பார்க்கின்றான், பிள்ளை திருட்டுத்தனமாய்ப் போகின்றது. வீடு முழுவதும் திருட்டுப் பாடசாலையாகின்றது. அவ்வளவு கெட்டிக்காரத்தனம் இல்லாத பிள்ளையோ, யார் எப்பொழுது பார்க்கின்றார்களோ என்று எதையும் எழுதப் பயந்து, கேட்கப் பயந்து, கடைசியில் நினைக்கவும் பயந்து அடங்கிப் போகின்றது. இப்படி அடங்கின பிள்ளையைத்தான் ஊரார் “தங்கமான பிள்ளை” என்கின்றார்கள்.

1989-ம் வருஷத்தில் ஐக்கிய நாடுகள் சபை செய்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில், குழந்தையின் அந்தரங்கத்திலும் கடிதப் போக்குவரத்திலும் அநியாயமாய்த் தலையிடக்கூடாது என்று ஒரு பிரிவே இருக்கின்றது. இந்தியாவும் 1992-ல் அதை ஒப்புக்கொண்டிருக்கின்றது. அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் ஒன்பது ஜட்ஜுகள் சேர்ந்து தீர்ப்புச் சொல்லியிருக்கின்றார்கள். அது சர்க்காரை நோக்கிச் சொன்ன தீர்ப்பு, தகப்பனை நோக்கிச் சொன்னதல்ல என்று வக்கீல் தோழர்கள் சமாதானம் சொல்லலாம். இருக்கட்டும். கோர்ட்டு உத்தரவு வந்தால்தான் மகளை மனுஷியாக மதிப்பேன் என்கின்ற தகப்பனோடு நமக்குப் பேச்சில்லை.

ஏழு எட்டு வயதுக் குழந்தையின் கையில் கைபேசியைக் கொடுத்துவிட்டு ஒன்றையும் பார்க்காதே என்று நாம் சொல்லுவதாக யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். நீந்தத் தெரியாத குழந்தையைக் கிணற்றங்கரையில் விட்டுவிட்டு வருகின்றவன் தகப்பனல்ல. இன்ன நேரம் மட்டும், இன்ன விளையாட்டு மட்டும் என்று குழந்தைக்கும் தெரியும்படி சொல்லி ஒரு கட்டுப்பாடு வைப்பது வேறு. வளர்ந்த பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு அது எழுதுகின்ற கடிதத்தைப் படிப்பது வேறு. நீச்சல் கற்றுக் கொடுக்கின்றவன் இடுப்பில் கட்டின கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தளர்த்திக்கொண்டே வந்து ஒருநாள் அவிழ்த்துவிடுகின்றான். இவர்களோ பிள்ளைக்குத் தெரியாமல் கயிற்றைக் கட்டுகின்றார்கள். வயது ஏற ஏற இறுக்கிக்கொண்டும் வருகின்றார்கள்.

பதினெட்டு வயது நிறைந்த அன்று அந்தச் செயலி தானாகக் கழன்று விழுந்துவிடுவதில்லை. பெண் காலேஜுக்குப் போனாலும், ஹாஸ்டலில் இருந்தாலும், வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கினாலும் அது கூடவே போகின்றது. பிறகு கல்யாணமாகின்றது. பெண்ணைத் தகப்பன் காவலிலிருந்து புருஷன் காவலுக்கும், புருஷன் காவலிலிருந்து மகன் காவலுக்கும் மாற்றிக்கொண்டே போக வேண்டும் என்பது மனு செய்த ஏற்பாடு. இந்த வியாபாரிகள் மனுவைப் படித்திருக்கமாட்டார்கள். ஆனாலும் சரக்கு அதற்குப் பொருத்தமாகவே இருக்கின்றது. எம்ஸ்பை என்கின்ற கம்பெனிக்கு வாடிக்கைக்காரர்கள் எழுதிய கடிதங்கள் 2024-ல் வெளியாய்விட்டன. அவற்றில் பிள்ளையை வேவு பார்க்க உதவி கேட்டவர்களோடு கூட, மனைவியையோ புருஷனையோ காதலியையோ வேவு பார்க்க உதவி கேட்டவர்களும் இருந்தார்கள். சரக்கு ஒன்றுதான், வாங்குகின்றவன்தான் வேறு. இன்றைக்குத் தகப்பன் பார்ப்பதற்குப் பழகிப்போன பெண், நாளைக்குப் புருஷன் கைபேசியைக் கேட்டால் அதை வழக்கம் என்றே நினைத்து எடுத்துக் கொடுப்பாள். “எங்க அப்பாவும் பார்ப்பாரு” என்பாள்.

நமது தோழர்கள் வீட்டில் அப்படிப்பட்ட செயலி இருக்குமானால், இன்று இராத்திரி பிள்ளை தூங்கின பிறகு திருட்டுத்தனமாய் அழித்துவிட வேண்டாம். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, என்றைக்கு ஏற்றினோம், என்னென்ன படித்தோம் என்பதைச் சொல்லி, அதன் கண்ணெதிரிலேயே அழிக்கட்டும். பிறகு பிள்ளை என்ன கேட்கின்றதோ அதற்குப் பதில் சொல்லட்டும்.